பறக்காமல் இருக்க ஒரு காரணம்

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, மலைமேலே என்னைத் தேட வேண்டாம். கீழே டிவிஷன் மைதானத்தில், கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், பிளாஸ்க்கில் பிளேன்டீ வைத்துக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்திருப்பான். நீங்கள் மேலிருந்து பறந்து இறங்கி, நாலு எட்டு ஓடி, குடை உங்களுக்குப் பின்னால் சரிந்து விழுந்ததும் முதலில் கைதட்டுகிறவன் அவன்தான். அது நான். முழங்கால் இரண்டும் போதும் என்று சொன்னபிறகு மேலே ஏறுவதை விட்டுவிட்டேன். வாயை மட்டும் இன்னும் விடவில்லை.

என் மகன் பறக்கிறான். மகளுக்கு நாற்காலியில் ஏறினாலே தலை சுற்றும். அவள்தான், "வர்ற புள்ளைங்ககிட்ட எல்லாம் இதையே சொல்லிச் சொல்லித் தொண்டையைக் கட்டிக்கிறீங்க, ஒருதரம் எழுதி வச்சிருங்களேன் அப்பா" என்று ஒரு பேனாவையும் கையில் கொடுத்தாள். நான் ஓ.எல். பரீட்சை வரைக்கும் படித்தவன். அழகாக எழுதத் தெரியாது. பேசுகிற மாதிரியே எழுதுகிறேன், காதால் வாசித்துக்கொள்ளுங்கள்.

முதலில் வீட்டு விஷயம். நீங்கள் பறக்கப் போவதாகச் சொன்னதும் வீட்டில் ஒருத்தர் கட்டாயம் கேட்பார்: "காலம்பூரா மலை ஏறி எறங்குனது பத்தாதா, இப்ப மலையிலருந்து குதிக்கவும் வேணுமா?" என்னையும் கேட்டார்கள். கோபப்படாதீர்கள். நம் ஆட்களுக்கு மலை என்றால் ஏற்றம். கொழுந்துக் கூடையோடு ஏற வேண்டும், கூடை நிறைந்தால் நிறுக்க இறங்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். அந்த மலையிலிருந்து சும்மா, சந்தோஷத்துக்காக, ஒருத்தர் காற்றில் கால் வைத்து இறங்கலாம் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டுக்காரர்கள் செய்யும் வேலை என்றுதான் நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் ஒரு விஷயம் சொல்கிறேன், முதல்தரம் மேலே போகும்போது பார்த்துக்கொள்ளுங்கள். தேயிலைக்கு நடுவே குறுக்கே குறுக்கே மெல்லிய கோடுகள் தெரியும். கம்பெனி வெட்டிய ரோடு வளைந்து வளைந்து போகும், இந்தக் கோடுகள் நேராகப் போகும். நாம் குடியிருக்கும் லயத்திலிருந்து மலைக்கு, மலையிலிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு, கைப்பிள்ளைகளை விட்டுவைக்கும் பிள்ளைக் காம்பராவுக்கு. எந்த வரைபடத்திலும் கிடையாது. நம் அம்மாமார் கால் பட்டுப் பட்டு விழுந்த கோடுகள் அவை. கீழே நிற்கும்போது அது வெறும் ஒற்றையடிப் பாதை. மேலே போனால்தான் ஒரு முழு மலையையும் அவர்கள் நடந்தே கோடு போட்டு வைத்திருப்பது தெரியும். அதைப் பார்க்கவாவது ஒருதரம் பறக்க வேண்டும்.

நான் இதற்குள் வந்த கதை சின்னது. நானுஓயா ஸ்டேஷன் வாசலில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ரயிலில் இருந்து இறங்கிய இரண்டு பேர் ஆளைவிடப் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு, ஒரு மலை உச்சியில் விடச் சொன்னார்கள். விட்டேன். பையிலிருந்து குடையை எடுத்து விரித்தார்கள். பாராகிளைடர் என்று அதற்குப் பெயர், நம் தோட்டத்தில் முதல் நாளிலிருந்தே எல்லோருக்கும் அது குடைதான். "நீங்க கீழ வந்து எங்கள ஏத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஓடினார்கள், கால் தரையை விட்டது. நான் உடனே வேனை எடுத்திருக்க வேண்டும். வாயைத் திறந்தபடி அங்கேயே நின்றேன். அவர்கள் இறங்கி, குடையை மடித்து, ரோட்டுக் கடையில் வடை சாப்பிட்டு முடித்தபிறகுதான் நான் போய்ச் சேர்ந்தேன். திட்டவில்லை. "அடுத்தது நீங்களா?" என்று கேட்டார்கள்.

ஆமாம், அடுத்தது நான்தான்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். நான் மிஸ் என்பேன். குடையைத் தரையில் தூக்கி நிறுத்தப் பழக்கி முடித்து, சின்ன மேட்டிலிருந்து ஓடிப் பழகும் கட்டம் வந்தது. ஒரு காலை, காற்று தாறுமாறாக அடித்தது. மிஸ் குடையை விரிக்கச் சொன்னார். விரித்தேன். பட்டியைக் கட்டச் சொன்னார். கட்டினேன். "ஓடுங்க" என்றார். ஓடினேன். இரண்டாவது எட்டில் பின்னாலிருந்து என் பட்டியைப் பிடித்து இழுத்து, தானும் தரையில் உட்கார்ந்து என்னையும் உட்கார வைத்துவிட்டார். இரண்டு பேரும் புல்லில் கிடந்தோம்.

"காத்து எப்பிடி?" என்று கேட்டார்.

"மோசம் மிஸ்."

"தெரியுமா?"

"விரிக்கும்போதே தெரியும்."

"அப்ப ஏன் ஓடினீங்க?"

"மிஸ் சொன்னீங்களே."

மிஸ் எழுந்து, கை கொடுத்து என்னையும் எழுப்பினார். பிறகு, "மட்ட பே சொல்லுங்க" என்றார். சிங்களத்தில் என்னால் முடியாது என்று அர்த்தம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சொன்னேன். சத்தமாகச் சொல்லச் சொன்னார். அந்த மேட்டில் நின்று, கீழே மாடு மேய்க்கிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்க, மட்ட பே, மட்ட பே என்று கத்தினேன். கத்திக்கொண்டிருக்கும்போதே ஒன்று உறைத்தது. என் வாழ்க்கையில் மேலே இருக்கிற ஒருத்தரிடம் நான் அந்தச் சொல்லை, எந்தப் பாஷையிலும், சொன்னதே இல்லை.

குடை தூக்குவது, கயிறு பிடிப்பது, இறங்குவது எல்லாம் உங்களுக்கு இங்கே முறையாகச் சொல்லித் தருவார்கள். அதை நான் எழுதப் போவதில்லை. எங்கள் மலையில் மட்டும் இருக்கிற ஒரு பழக்கத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன். அது அந்த மிஸ் இழுத்துப்போட்ட இடத்திலிருந்து வந்தது.

பெரட்டு உங்களுக்குத் தெரியும். தெரியாத டவுன் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். காலையில் தோட்டத்து ஆட்கள் எல்லாம் ஒரு இடத்தில் கூடி நிற்க, யார் எந்த மலைக்கு, என்ன வேலைக்கு என்று கண்டாக்கையாவும் கங்காணியும் பிரித்துவிடுவார்கள். அங்கே அவர்கள் பேசுவார்கள், நாம் கேட்போம். நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பழக்க ஆரம்பித்தபோது நான் அந்தப் பெரட்டையே தலைகீழாக்கினேன். பறக்கிற நாளில் குடையை விரிக்கும் முன்னால் எல்லோரும் வரிசையாக நிற்க வேண்டும். ஒவ்வொருத்தரும், இன்றைக்குப் பறக்காமல் இருக்க ஒரு காரணம் தேடிச் சொல்ல வேண்டும். வயதில் சின்னவர் முதலில். அன்றைக்குப் பறக்கப் போகிறவர் மற்றப் பிள்ளைகளுக்குப் பிறகு. பெரியவன் நான் கடைசியில். யாராவது சொன்ன ஒரு காரணத்துக்குப் பதில் கிடைக்கவில்லை என்றாலும், மடித்துக்கொண்டு கீழே போய் டீ குடிக்க வேண்டியதுதான்.

எல்லாக் காரணமும் காற்றைப் பற்றியே இருக்க வேண்டும் என்று இல்லை. மேகம் ஏறுவது ஒரு காரணம். ராத்திரி தூங்கவில்லை என்பதும் காரணம். எங்கள் பையன்களில் ஒருத்தன் டேவிட், ஒருதரம், "காலையில அம்மாவோட சண்ட, இன்னும் மண்ட சூடா இருக்கு" என்றான். அவனை அன்றைக்குப் பறக்க விடவில்லை. போய் அம்மாவோடு சமாதானமாகி மத்தியானம் வந்தான், அதற்குள் மேகம் வந்துவிட்டது. "சண்டைய இன்னுங் கொஞ்சம் சுருக்கா முடிச்சிருக்கலாம்டா" என்று பையன்கள் ஒரு மாதம் கேலி செய்தார்கள். இதே டேவிட்தான் ஒருமுறை கவ்வாத்து வெட்டிய மலையில் இறங்கினவன். வெட்டிப் பழுப்பாய்க் கிடக்கும் தேயிலை மேலிருந்து பார்த்தால் மெத்தை மாதிரித் தெரியும். கிட்டே போனால் வெட்டிய ஒவ்வொரு வாதுக் குச்சியும் ஈட்டி. அன்றைக்கு அவன் வீட்டுக்கு நடந்து போனான், பஸ்ஸில் உட்கார முடியவில்லை. மெத்தையைப் பார்த்தால் இறங்காதீர்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

இப்போது சொல்ல வந்த நாளுக்கு வருகிறேன்.

நாம் பறக்கிற புல்லுமலை தோட்டத்துக்குச் சொந்தம். கொட்டகலைப் பக்கம் இத்தனை மலை இருந்தும், தேயிலையும் மரமும் இல்லாமல், காற்றை நேராக முகத்தில் வாங்கிக்கொண்டு, கீழே இறங்குவதற்கு மைதானமும் உள்ள மேடு எங்களுக்கு இது ஒன்றுதான். தோட்டத்தை நடத்திய பழைய துரை கண்டும் காணாமல் விட்டிருந்தார். புதிதாக வந்த துரைக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், ஒழுங்கான மனிதர். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தோட்டத்துத் துரைமார் பேசுகிற தமிழில் நேராகவே சொன்னார்:

"ஒரு புள்ளைக்கு கை கால் ஒடைஞ்சா கம்பெனி என்னையத்தான் கேக்கும். நா ஒரு நாள் என் கண்ணால பாக்குறேன். சரியா நடந்தா மலைய எடுத்துக்கோ. இல்லாட்டி இனி யாரும் மேல போக வேணாம். சரியா?"

சரி என்றேன். ஞாயிற்றுக்கிழமை காலை என்று முடிவானது. அன்றைக்குத் தனியாக முதல்தரம் பறக்க வேண்டியவள் நிரோஷா. கீழ் லயத்துப் பிள்ளை, ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். என்னோடு சேர்ந்து இரட்டைக் குடையில் பல தரம் பறந்தவள், தரைப் பழக்கத்தில் என்னைவிடச் சுத்தம். அவள் அம்மா மலையில் கொழுந்து எடுப்பவர், எங்களுக்கு மகேஸ்வரியக்கா. அக்காவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. மகள் பிடிவாதத்தால் சரி என்றிருந்தார், அவ்வளவுதான்.

ஒரு பிள்ளை சத்தமில்லாமல் பறந்து இறங்கினால் போதும் என்றுதான் நான் நினைத்தேன். தோட்டம் அப்படி நினைக்கவில்லை. நம் லயத்துப் பிள்ளை, அதுவும் ஒரு பொம்பளைப் பிள்ளை, அதுவும் துரை முன்னால்! ஞாயிறு காலை நான் மேலே போனபோது பாதி லயம் அங்கே நின்றது. கோயில் கமிட்டி தேங்காயும் கற்பூரமும் கொண்டுவந்திருந்தது. டேவிட் வீட்டு ஆட்கள் சர்ச்சுக்குப் போய்விட்டு அப்படியே வந்திருந்தார்கள். தப்பு அடிக்கிற ஆட்களும் வந்துவிட்டார்கள்.

மகேஸ்வரியக்கா தப்பைப் பார்த்துவிட்டு, "இதே தப்பத்தான்யா சாவுக்கும் அடிக்கிறீங்க. கொஞ்சம் தள்ளி வையிங்க" என்றார். அடித்தவர்கள் சிரித்துக்கொண்டே பின்னால் போனார்கள்.

ஜீப் வந்தது. துரை இறங்கினார், கூட அவர் மனைவியும் சின்ன மகனும். கூட்டம் தானாகவே வழி விட்டது. தப்பு நின்றது. தொப்பி போட்டிருந்தவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள்.

அந்த அமைதியில் நான் ரிப்பன்களைப் பார்த்தேன். மலை முகப்பில் குச்சி நட்டு ரிப்பன் கட்டியிருப்பது நீங்கள் பார்த்திருப்பீர்கள். காற்று பள்ளத்திலிருந்து ஏறி நம் முகத்தில் அடித்தால் ரிப்பன் நம்மைப் பார்த்து ஆடும். அந்தக் காற்றுதான் நமக்கு வேண்டும். அன்றைக்கும் ஆடியது, அழகாக ஆடியது. நடுவில் ஒருதரம் தொங்கியது. தொங்கிவிட்டு, மெதுவாக, பள்ளத்துப் பக்கமாகத் தூக்கியது. என் பிடரியில் குளிர் பட்டது. பின்னால் இருந்து காற்று. ஒரு மூச்சு நேரம்தான். மறுபடி முன்னால் இருந்து அடித்தது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதே மாதிரி ஒருதரம்.

பின்காற்றில் ஓடினால் குடை சரியாக எழும்பாது. பாதி எழும்பி, மேட்டு விளிம்பில் ஆளோடு சாயும். இதை எங்கள் பிள்ளைகளில் அறியாதவர் யாரும் இல்லை.

"பெரட்டுக்கு வாங்க" என்றேன். வரிசையாக நின்றார்கள். துரைக்கு எங்கள் பழக்கத்தை விளக்கினேன். "நல்லம், நல்லம்" என்று கைகட்டி நின்றார்.

முதலில் கவிராஜ். வரிசையில் சின்னவன், எப்போதும் இரண்டு மூன்று காரணம் கொண்டு வருகிறவன். ரிப்பனைப் பார்த்தான். அந்த நேரத்தில் அது மறுபடி தொங்கித் தூக்குவதை அவன் கண் பார்த்தது, நானும் பார்த்தேன். பிறகு துரையின் கால் சப்பாத்தைப் பார்த்தான்.

"ஒண்ணுமில்ல மாமா. எல்லாம் நல்லாயிருக்கு."

அடுத்தவன், "காத்து நல்லம் மாமா."

அதற்கு அடுத்த பிள்ளை தலையை மட்டும் ஆட்டினாள்.

டேவிட், அம்மா சண்டையைக் கூட மறைக்காத டேவிட், "வானம் தெளிவா இருக்கு சார்" என்றான். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, துரையைப் பார்த்துச் சொன்னான்.

பிள்ளைகளே, இங்கே கொஞ்சம் நின்று யோசியுங்கள். அவர்கள் முட்டாள்கள் இல்லை. எல்லோரும் ரிப்பனைப் பார்த்தவர்கள். ஆனால் ஒருத்தன் வாயைத் திறந்தால் மலை போய்விடும் என்று நினைத்தார்கள். அது ஒரு பாதி. மற்றப் பாதி இன்னும் பழையது. துரை வந்து நிற்கும்போது குறை சொல்லி நமக்குப் பழக்கம் இல்லை. துரை ரவுண்ட் வருகிற நாளில் தோட்டத்தில் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். லயத்துக் கூரை ஒழுகாது, தண்ணீர்க் குழாய் வரும், யாருக்கும் காய்ச்சல் இருக்காது. கேட்டால் "நல்லாயிருக்குங்க சார்" என்போம். கவிராஜுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் நாக்கில் அது தானாக வந்தது, அன்று மிஸ் சொன்னதும் என் கால் தானாக ஓடின மாதிரி.

நான் அவளைப் பறக்க விட்டிருக்க மாட்டேன். அதில் உங்களுக்குச் சந்தேகமே வேண்டாம். கடைசி வார்த்தை என்னுடையது, அது என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் என் முழங்கால் இன்னும் எத்தனை காலம் மேலே வரும்? நான் இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் இந்த வரிசை இப்படித்தான் தலையாட்டும் என்றால், துரை மலையைக் கொடுத்து என்ன, கொடுக்காமல் என்ன? அதனால் என் முறை வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நிரோஷா முறை.

பட்டியெல்லாம் கட்டி, தலைக்கவசம் போட்டு, நெற்றியில் அம்மா வைத்த திருநீற்றோடு நின்றாள். அவளைப் போல அன்றைக்குப் பறக்க ஆசைப்பட்டவர் அந்த மலையில் வேறு யாரும் இல்லை. ரிப்பனைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். தட்டில் கற்பூரத்தோடு நின்ற கமிட்டித் தலைவரைப் பார்த்தாள்.

"பின்னுக்கு இருந்து காத்து வருது" என்றாள். எல்லோருக்கும் கேட்டது. "விட்டு விட்டு வருது. நான் இன்னைக்குப் பறக்கல."

என் முறை. "அந்தக் காரணத்துக்கு என்கிட்ட பதில் இல்ல" என்றேன். "குடைய மடிங்க."

அப்போது கிளம்பியது பாருங்கள் சத்தம்! "இந்தக் காத்துக்கா?" என்றார் ஒருத்தர். "எங்க, எனக்கு முன்னுக்குத்தானே அடிக்குது?" என்றார் இன்னொருத்தர். "குருவிக்கு இன்னைக்கு லீவாம்டோய்!" என்று பின்னால் இருந்து ஒரு குரல். கமிட்டித் தலைவர் என் காதுக்குக் கிட்டே வந்து, "தொர வந்து நிக்கிறாரு, சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரச் சொல்லுங்களேன். மலை போயிரும்யா" என்றார். சும்மா ஒரு ரவுண்டு, மடுவத்துக்குப் போய் வருவது மாதிரி!

துரை கடிகாரத்தைப் பார்த்தார். "பொறுத்தா சரியாகுமா?" என்று அவளிடமே கேட்டார்.

"தெரியாது சார்."

"பயந்துட்டியா?"

அவள் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இல்ல சார். பயந்திருந்தா பறந்திருப்பேன்."

துரை அவளைப் பார்த்தார். பிறகு அந்த வரிசையைப் பார்த்தார், கவிராஜிலிருந்து டேவிட் வரைக்கும் ஒவ்வொரு முகமாக. டேவிட் தலையைக் குனிந்துகொண்டான். துரை ஜீப்பில் ஏறினார். மலை உண்டா இல்லையா என்று யாருக்கும் கேட்கத் துணிவு வரவில்லை. ஜீப் போய்விட்டது.

அடுத்து ஒரு பெருங்காற்று அடித்து எல்லோரும் நிரோஷாவைக் கும்பிட்டார்கள் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் காற்று முன்னாலிருந்து ஒரே சீராக அடிக்க ஆரம்பித்தது. நாள் முழுக்க அப்படியே அடித்தது, ஒரு மேகம் கூட இல்லை. கீழே இறங்கும்போது ஆட்கள் வானத்தைப் பார்ப்பதும் அவளைப் பார்ப்பதுமாக வந்தார்கள். இதை நன்றாக மனதில் வையுங்கள். நீங்கள் பறக்காமல் இருந்த நாள்களில் பாதி இப்படித்தான் இருக்கும். நீங்கள் செய்தது சரி என்று வானம் வந்து சாட்சி சொல்லாது.

கவிராஜ் அழுதுவிட்டான். "நான் பாத்தேன் மாமா, பாத்துட்டுத்தான் சொல்லல" என்றான். அவனுக்கு நான் புத்தி சொல்லவில்லை. குடை மூட்டையின் ஒரு பக்கத்தைப் பிடிக்கச் சொன்னேன், மற்றப் பக்கத்தை நிரோஷா பிடித்தாள், இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போனார்கள்.

லயத்துக்கு வந்தபோது பைப்படியில் இரண்டு மூன்று பேர் மறுபடி ஆரம்பித்தார்கள். "ஒரு புள்ளையால எல்லாருக்கும் மலை போச்சு." மகேஸ்வரியக்கா குடத்தை டங்கென்று வைத்தார்.

"ஏன், நீங்க ஓடிக் காட்டியிருக்கலாமே? தொர முன்னால நின்னு இல்லன்னு சொன்ன ஒருத்தர இந்த லயத்துல காட்டுங்க, நான் இந்தத் தண்ணியத் தூக்கிட்டு வந்து ஒங்க வீட்டுல ஊத்துறேன்."

யாரும் தண்ணீர் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் அக்கா என் வீட்டுக்கு வந்தார். டீ கொடுத்தோம், குடிக்காமல் கையில் வைத்திருந்தார். "இவ ஆசப்பட்டா கண்ண மூடிக்கிட்டுப் பாஞ்சிருவான்னுதான் எனக்குப் பயம். இன்னைக்கு நின்னுட்டா. ஆசப்பட்டும் நின்னுட்டா" என்றார். பிறகு, "அடுத்த ஞாயித்துக்கெழமையும் மலைக்குப் போவீங்களா? தொர விட்டா?" என்று கேட்டார். வாரக்கணக்காக மகளைப் போகவேண்டாம் என்ற அதே அக்கா.

அந்த வாரம் துரையிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தடை என்றும் வரவில்லை. ஞாயிறு காலை, குடையைக் கீழேயே வைத்துவிட்டு, பெரட்டு மட்டும் வைப்போம் என்று மேலே போனோம். தப்பு இல்லை, தேங்காய் இல்லை. நாங்கள் மட்டும். வரிசையாக நிற்கும்போது ஜீப் சத்தம் கேட்டது. துரை தனியாக வந்தார், நாங்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு, நேராக வந்து வரிசையிலேயே எனக்குப் பக்கத்தில் நின்றார்.

நான் கவிராஜைப் பார்த்தேன். அவன் துரையைப் பார்க்கவில்லை, ரிப்பனைப் பார்த்தான்.

"அந்தக் கரையில மேகம் குந்தியிருக்கு மாமா. ஏறுதான்னு பாக்கணும்."

"கீழ மைதானத்துல ரெண்டு மாடு நிக்குது" என்றான் அடுத்தவன். போன வாரம் தலையை மட்டும் ஆட்டிய பிள்ளை, "நிரோஷாக்கா காலையில ஒண்ணும் திங்கல" என்று போட்டுக்கொடுத்தாள். டேவிட், "ஜீப்ப அந்த எடத்துல நிப்பாட்டக் கூடாது சார், அது ஓடுற வழி" என்றான். சொன்னபிறகு அவனுக்கே வியர்த்துவிட்டது.

துரை திரும்பி ஜீப்பைப் பார்த்தார். போய், எடுத்து, தள்ளி நிறுத்திவிட்டு வந்து மறுபடி வரிசையில் நின்றார். நிரோஷாவுக்கு மகேஸ்வரியக்கா கொடுத்தனுப்பிய ரொட்டி கிடைத்தது. ஒருத்தன் மாட்டை விரட்ட ஓடினான், குடையை எடுத்துவர இன்னும் இரண்டு பேர் ஓடினார்கள். மேகத்தை எல்லோருமாக உட்கார்ந்து பார்த்தோம். அது ஏறவில்லை, கரைந்து போனது. நிரோஷா ரிப்பனைப் பார்த்துக்கொண்டே ரொட்டியை முடித்து, "என்கிட்ட காரணம் இல்ல மாமா" என்றாள்.

என் முறைக்கு முன்னால் துரை கையைத் தூக்கினார்.

"எனக்கு ஒரு காரணம் இருக்கு. காலையில இருந்து வயிறு சரியில்ல. அதால நா இன்னைக்குப் பறக்க மாட்டேன்."

அவரைப் பறக்கச் சொல்லி யாரும் கேட்கவே இல்லை. முதலில் சிரித்தது கவிராஜ்தான். பிறகு மலையே சிரித்தது.

"சார், அப்ப இந்த மலை?" என்று கேட்டேன்.

"மலைக்கு என்னா? மலை இருக்கு. அடுத்த ஞாயித்துக்கெழமையும் இருக்கும்" என்றார்.

அதுதான் அனுமதி. இன்றுவரைக்கும் அதுவேதான்.

நிரோஷா ஓடினாள். காற்று முகத்தில் அடித்தது, குடை ஒரே மூச்சில் எழும்பியது, விளிம்புக்கு வரும் முன்பே கால் தரையை விட்டுவிட்டது. கீழே மைதானத்து ஓரத்தில் மகேஸ்வரியக்கா மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாராம். "எங்க இருக்கா? இப்ப எங்க இருக்கா?" என்று பக்கத்தில் இருந்தவர்களைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "இங்கதான்மா இருக்கேன்" என்று பின்னாலிருந்து குரல் கேட்டபிறகுதான் திரும்பினாராம்.

இப்போது மேலே உங்களுக்குப் பெரட்டு வைப்பவள் அந்த நிரோஷாதான். பிள்ளைகளே, பயமில்லாமல் வாருங்கள். பயம் இருந்தாலும் வாருங்கள், அதையும் வரிசையில் நின்று சத்தமாகச் சொல்லலாம். அம்மா அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், மைதானத்தில் என் பக்கத்தில் இடம் இருக்கிறது, பிளேன்டீயும் இருக்கிறது. சப்பாத்து இறுக்கமாகப் போடுங்கள், காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள். குடை எங்களிடம் இருக்கிறது, தலைக்கவசம் இருக்கிறது, மலை இருக்கிறது.

நீங்கள் கொண்டுவர வேண்டியது, பறக்காமல் இருக்க ஒரு காரணம்.